காயிலோவர் போட்ட ஸ்விஃப்ட்: மரையை எண்ணுவதா, உயரத்தை அளப்பதா?

கெடிலக்கரையான் (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். வார நாள்களில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று வரவும், வாய்ப்புக் கிடைக்கும்போது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டவும் நான் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு, மரையைத் திருகி உயரத்தை மாற்றத்தக்க ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பான காயிலோவர் செட் ஒன்றை அண்மையில் பொருத்தினேன். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றான ஸ்ட்ரட். ஸ்பிரிங் அமரும் தட்டிலும் மரை உண்டு, கீழ்ப் பிராக்கெட்டிலும் மரை உண்டு. பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கின்றன. முன் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 5 கிலோ என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

பொருத்திய இடத்தில் இரண்டு முன் ஸ்ட்ரட்டுகளிலும் வெளியே தெரியும் மரைகளை எண்ணி, எண்ணிக்கை சமமாக இருப்பதால் உயரமும் சமம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஒருமுறை ஜாக்கியில் தூக்கி இறக்கிவிட்டு, தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் வலப்புறமும் இடப்புறமும் 9 மில்லிமீட்டர் வேறுபடுகின்றன. தெருமுனை வரை சென்று திரும்பி வந்து அளந்தால் அந்த வேறுபாடு 5 ஆகிவிடுகிறது. இவற்றில் எதை நம்புவது?

இன்னொன்று. தவளக்குப்பத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் இடையே சிறிய பள்ளத்தில் இறங்கினால்கூட முன்பக்கம் கட்டையில் மோதுவதுபோல் முட்டுகிறது. ஊர்த் தெருக்களின் வேகத்தடைகள் சிலவற்றில் அடிப்பகுதி உரசுகிறது. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் இவ்விரண்டும் தீருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நெல்லித்தோப்புப் பட்டறை (புதுச்சேரி)

தம்பி, மரை எண்ணிக்கை வேலையைத் தொடங்குவதற்கான ஓர் அடையாளமே தவிர, உயரத்தின் அளவு அன்று. காரின் எடை வலத்திலும் இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை; ஓட்டுநர் அமர்ந்துவிட்டால் வலப்புறம் மேலும் கனக்கிறது. எடை வேறுபட்டால், ஒரே மரையில் நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும் வெவ்வேறு அளவில்தான் அமுங்கும்.

தரையிலிருந்து அளப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அந்த அளவில் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கலந்துவிடுகின்றன. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால், காரின் உடல் சக்கரத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டும் தனியாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து வாசலைப் பாருங்கள். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காக வாசலைச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயில் நீர் நிரப்பி, நான்கு டயர்களும் நிற்கும் இடங்களின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த இடங்களில் பழைய டைல்ஸ் துண்டுகளை வைத்து நான்கையும் 2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடலாம். ரசமட்டம் நீளம் குறைந்தது. அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

9 மில்லிமீட்டர் 5 ஆனதற்குக் காரணம் உண்டு. ஜாக்கியில் தூக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கி, இரண்டுக்கும் இடையிலான அகலம் குறைகிறது. இறக்கும்போது அவை மீண்டும் வெளிப்புறமாக விரிய வேண்டும். ஆனால் டயர் தரையைப் பற்றிக்கொள்வதால் விரிவு முழுமை அடையாமல் காரின் உடல் சற்று உயர்ந்தே நின்றுவிடும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கையால் சில முறை அமுக்கிவிட்ட பிறகே அளக்க வேண்டும். இடம் இல்லாதவர்கள், நடுவே கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒவ்வொரு டயருக்கும் கீழே வைத்தால் டயர் தானாக வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

காற்றழுத்தத்தைச் சரிசெய்து, டேங்கில் பாதி எரிபொருள் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டு அளந்து, நான்கு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

ஆல்பேட்டை (கடலூர்)

இவ்வளவு சிக்கல் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. முட்டுகிறது என்றால் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது என்று பொருள். தட்டை இரண்டு சுற்று மேலே ஏற்றி இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும். கார் அமுங்காது, முட்டவும் செய்யாது. நாங்கள் பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள்களின் பின் ஷாக்கில் செய்வது இதைத்தான்.

வில்லியனூர் விசை (புதுச்சேரி)

ஆல்பேட்டை ஐயாவின் கைவைத்தியம் ஓரளவு பலன் தருவது உண்மைதான். ஆனால் அவர் சொல்லும் காரணத்தால் அன்று. கணக்கைப் பாருங்கள்.

கெடிலக்கரையானின் முன் மூலை ஒன்றில் ஸ்பிரிங் தாங்கும் எடை ஏறத்தாழ 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 5 கிலோ என்றால் ஸ்பிரிங் 52 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். இப்போது தட்டை ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்பிரிங்கை 10 மில்லிமீட்டர் இறுக்கிவைக்கிறோம். 50 கிலோ விசை முன்கூட்டியே உள்ளே அடைபட்டுவிட்டது. காரை இறக்கும்போது முதல் 50 கிலோவுக்கு ஷாக் அசையாது. மீதி 210 கிலோவுக்கு 42 மில்லிமீட்டர் உள்ளே போகும். ஸ்பிரிங்கின் மொத்த அமுக்கம் அதே 52 தான். கார் 10 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன்பின் பள்ளம் வந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 5 கிலோதான் எதிர்க்கும். சீரான சுற்றுள்ள ஸ்பிரிங்கின் கடினம் இறுக்குவதால் மாறுவதில்லை. மோட்டார் சைக்கிளில் கடினமானதுபோல் தோன்றுவதற்கு, வண்டி உயர்ந்து அமுங்கும் இடம் கூடியதே காரணம்.

ஆக, தட்டைத் திருப்பும்போது நாம் மாற்றுவது ஷாக்கின் பயண தூரத்தில் கார் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். கார் தாழத் தாழ, ஷாக் அடிவரை அமுங்கி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடுவதற்கு மிஞ்சியிருக்கும் தூரம் குறைகிறது. உங்கள் செட்டில் இரண்டு மரைகள் இருப்பதன் பயன் இங்கேதான் வருகிறது. ஸ்பிரிங் தட்டைக் கீழே இறக்கித் தாழ்த்தினால் ஷாக்கின் பயணத்தைத் தின்றுவிடுகிறோம். கீழ்ப் பிராக்கெட்டுக்குள் ஷாக்கின் உடலைத் திருகி இறக்கித் தாழ்த்தினால் பயணம் அப்படியே இருக்கிறது. ஆனால் டயர் மட்கார்டுக்கு அருகே போய்விடுகிறது. பட்டறையில் எதைத் திருப்பினார்கள் என்பதே என் ஐயம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால், தட்டைத்தான் இறக்கியிருக்கிறார்கள் என்ற விடை கிடைத்துவிட்டது.

அடுத்ததாக, ஷாக்கின் தண்டில் வயர்களைக் கட்டப் பயன்படும் பிளாஸ்டிக் டை ஒன்றைச் சற்று இறுக்கமாகக் கட்டி, உடலை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டி வாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை டை நிற்கும் இடம் காட்டும். அது பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டியிருந்தால், நீங்கள் உணரும் முட்டல் ரப்பரில் மோதுவதுதான்.

வேகத்தடை பற்றியும் ஒரு சொல். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 நெறிப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதன் வளைவின் ஆரம் 17 மீட்டர். ஸ்விஃப்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். அத்தகைய மேட்டின் நடுவில் கார் நின்றால், இரண்டு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். நடுப்பகுதி டயர் மட்டத்திலிருந்து 44 மில்லிமீட்டர்தான் எழும்பியிருக்கும். அதில் எந்தக் காரும் உரசாது. உரசுவது, தாரைக் குவித்து ஓரடி அகலத்தில் எழுப்பிய மேடுகளில்தான். அங்கே சக்கரங்கள் சமதரையில் நிற்க, மேட்டின் முழு உயரமும் அடிப்பகுதிக்கு நேரே வந்துவிடுகிறது. முன்சக்கரம் இறங்கும் வேகத்தில் கார் அமுங்குவதும் சேர்ந்துகொள்கிறது. எனவே அன்றாடம் கடலூர்ச் சாலையில் ஓடும் காரை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதைத் தடத்தைவிட நம் தெருமேடுகளே முடிவு செய்கின்றன.

ஆல்பேட்டை

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முட்டலின் பெரும்பகுதி அந்த 5 கிலோ ஸ்பிரிங்காலேயே வரக்கூடும் அல்லவா? கம்பெனி ஸ்பிரிங் அவ்வளவு கடினம் அன்று.

வில்லியனூர் விசை

சரியான கேள்வி, ஐயா. எடையால் 52 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் மூலை, நொடிக்கு ஏறத்தாழ 2.2 முறை அதிரும். வழக்கமான சாலைக் கார்கள் 1 முதல் 1.5 வரை அதிரும்படி அமைக்கப்படுகின்றன. ஆகவே சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் முதுகில் தெரியத்தான் செய்யும். அதை உயர மாற்றத்தால் தீர்க்க முடியாது. ஆனால் அது தொடர்ந்த நடுக்கமாக இருக்கும், பள்ளத்தில் ஒரே அடியாக விழும் முட்டல் அன்று. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்தப் பிளாஸ்டிக் டை.

கெடிலக்கரையான்

இருவருக்கும் நன்றி. ஐயம் உறுதியாகிவிட்டது. முன்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு ஸ்பிரிங்குகளும் தட்டுக்கு மேல் 15 மில்லிமீட்டர் இடைவெளியில் தளர்ந்து ஆடுகின்றன. செட்டுடன் வந்த தாளில் 5 மில்லிமீட்டர் இறுக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் தட்டை 20 மில்லிமீட்டர் கீழே இறக்கித்தான் உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். கீழ்ப் பிராக்கெட்டைத் தொடவே இல்லை. கார் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்புக்கு 18 மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. டை ஒவ்வொரு முறையும் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எதுவும் மாற்றாத ஸ்விஃப்ட் ஒன்று பக்கத்து வீட்டில் இருப்பதால், அதையும் சக்கர மையத்திலிருந்து அளந்தேன். என் காரின் முன்பக்கம் அதைவிட 35 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது.

நெல்லித்தோப்புப் பட்டறை

35 மில்லிமீட்டர் நம் சாலைக்கு மிக அதிகம், தம்பி. அதோடு ஸ்பிரிங் தளர்ந்து ஆடுவது ஆபத்தானது. சக்கரம் பள்ளத்தில் தொங்கி மேலே வரும்போது ஸ்பிரிங்கின் முனை தன் இருக்கையில் சரியாக அமராமல் போனால் ஸ்ட்ரட்டே கெட்டுவிடும். தட்டைத் தாளில் சொன்ன இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். கார் 20 மில்லிமீட்டர் உயர்ந்து, கம்பெனி உயரத்தைவிட 15 மட்டும் தாழ்ந்து நிற்கும். இன்னும் சிறிது தாழ்வு வேண்டுமானால் பிராக்கெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உயர்த்துவதற்காகப் பிராக்கெட்டிலிருந்து உடலை வெளியே எடுக்க நேர்ந்தால், தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே போதிய மரை பிடிக்காவிட்டால் எடையைத் தாங்காது.

ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்பதையும் மறக்க வேண்டாம். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்க வேண்டியது. காரை மிகவும் தாழ்த்தினால் அதன் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடுகிறது. அப்போது, வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கி, இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும். தாழ்த்தியும் வளைவில் கூடுதலாகச் சாய்வதாகச் சிலர் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறி, பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

பின்பக்கத்தை முன்பக்கம்போல் எண்ணிவிடாதீர்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டார்ஷன் பீமில் ஸ்பிரிங் அமரும் இடமும் சக்கரத்தின் மையமும் ஒரே கோட்டில் இல்லை. ஸ்பிரிங் அச்சுக்கு முன்னால் இருந்தால், தட்டை 10 மில்லிமீட்டர் மாற்றும்போது சக்கரத்தில் அதைவிட அதிகமாக மாறும். ஒரு சிறு அளவு மாற்றி, காரை உருட்டி, அளந்து, உங்கள் காருக்கு என்ன விகிதம் என்று நீங்களே கண்டுகொள்ள வேண்டும். பின்பக்கத்தையும் தூக்கிப் பார்த்து, ஷாக் முழுதாக நீண்ட நிலையில் ஸ்பிரிங் கழலாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பழைய கார்கள் சிலவற்றில், எடைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று பின் அச்சோடு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய காரைத் தாழ்த்தினால், சுமை ஏறியிருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் கூட்டிவிடும். இதைப் படிக்கும் பழைய கார்க்காரர்கள் கவனிக்க.

மணவெளி மனிதர் (புதுச்சேரி)

இழையின் போக்கைத் தடுக்க விரும்பவில்லை. சட்ட நிலையை மட்டும் நினைவூட்டுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வண்டி எண் டிஎன் 31 ஆனாலும் பிஒய் 01 ஆனாலும் சட்டம் ஒன்றே. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் ஓட்டுவது விபத்து நேரத்தில் பெருந்தொல்லையாக முடியும்.

கெடிலக்கரையான்

பயனுள்ள நினைவூட்டல், நன்றி. தடத்துக்குச் செல்வதால் இன்னொரு கேள்வி. நான்கு மூலைகளிலும் உயரத்தைச் சமமாக வைத்துவிட்டால், எடையும் சரியாகப் பங்கிடப்பட்டுவிடும் என்று கொள்ளலாமா?

வில்லியனூர் விசை

கொள்ள முடியாது. நான்கு கால் கட்டிலில் ஒரு காலுக்குக் கீழே அட்டையைச் செருகினால், அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலும் சுமையை ஏற்றுக்கொள்ள, மற்ற இரண்டும் இலேசாகிவிடும். காரும் அப்படியே. உடலின் உயரத்தில் 2 மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கடினமான ஸ்பிரிங்குகளில் அது எதிர்மூலைகளின் எடையைக் கணிசமாக மாற்றிவிடும்.

எடுத்துக்காட்டாக, ஓட்டுநருடன் 950 கிலோ எடையுள்ள காரை நான்கு எடைத்தட்டுகளில் நிறுத்தும்போது முன்-இடம் 272, முன்-வலம் 318, பின்-இடம் 186, பின்-வலம் 174 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முன்-வலத்தையும் பின்-இடத்தையும் கூட்டினால் 504 கிலோ, அதாவது 53 விழுக்காடு. இந்தக் கார் ஒரு பக்கம் திரும்புவதுபோல் மறுபக்கம் திரும்பாது. முன்-இடத்தைச் சற்று உயர்த்தி, முன்-வலத்தை அதே அளவு தாழ்த்தி, பின்பக்கத்தில் வலத்தை உயர்த்தி இடத்தைத் தாழ்த்தினால், காரின் சராசரி உயரம் மாறாமலே எண்கள் 286, 304, 172, 188 என்று வந்து சேரும். எதிர்மூலைக் கூட்டுத்தொகைகள் 476, 474. இதற்குமேல் துல்லியம் நமக்குத் தேவையில்லை.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். இடப்புறம் மொத்தம் 458 கிலோ. மாற்றத்துக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். முன்பக்கம் 590 என்பதும் மாறவில்லை. மரையைத் திருப்பி எடையை வலத்திலிருந்து இடத்துக்கோ முன்னிருந்து பின்னுக்கோ கொண்டுபோக முடியாது. அதற்குப் பேட்டரியையோ இருக்கையையோதான் நகர்த்த வேண்டும். மேலும், எடை பார்க்கும்போது இடது, வலது சக்கரங்களை இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் லிங்க்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பியே ஒரு பக்கத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பொய்யான எண்ணைக் காட்டும்.

நாள்தோறும் சாலையில் ஓட்டும் காருக்கு இந்த வேலை கட்டாயம் அன்று. தடத்தில் நேரம் பார்த்து ஓட்டுபவருக்கு மட்டுமே செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்கும் என்பது என் கருத்து.

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்)

மரையைத் திருப்புவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அது திரும்ப வேண்டுமே. தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் நிறுத்தும் காரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பெரும்பாலான செட்டுகளில் ஷாக்கின் உடல் இரும்பு, தட்டும் அதை நகராமல் பூட்டும் லாக் நட்டும் அலுமினியம். இரு உலோகங்களுக்கு இடையே உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரித்து, வெண்பொடி கட்டி, மரையோடு இறுகிவிடும். பிறகு சி-ஸ்பேனரைப் போட்டால் நட்டின் காடிகள்தாம் உடையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு உப்போடு சேறும் சேர்ந்துகொண்டது.

மாதம் ஒருமுறை நல்ல நீரால் கழுவுங்கள். திருப்புவதற்கு முன் நைலான் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷ் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். வெளியே தெரியும் மரையில் சாதாரண கிரீஸைப் பூசினால் மணல் ஒட்டி உப்புத்தாள்போல் ஆகிவிடும். மெழுகுபோல் உலர்ந்து நிற்கும் ஸ்பிரே நல்லது. இன்னொன்றும் உண்டு: எடை ஸ்பிரிங்கில் இருக்கும்போது தட்டைத் திருப்பாதீர்கள், காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் லாக் நட்டைத் தளர்த்திய பிறகே திருப்ப வேண்டும்.

கெடிலக்கரையான்

வேலை முடிந்தது. முன் தட்டுகளை 20 மில்லிமீட்டர் ஏற்றி, பிராக்கெட்டில் 3 மில்லிமீட்டர் மட்டும் இறக்கினேன். கம்பெனி உயரத்தைவிட 18 மில்லிமீட்டர் தாழ்வு. பம்ப் ஸ்டாப்புக்கு இப்போது 38 மில்லிமீட்டர் இருக்கிறது. அரியாங்குப்பம் வரை சென்று வந்து பார்த்தபோது டை ரப்பரைத் தொடாமல் நின்றிருந்தது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை முன்பக்கம் 356, 355. பின்பக்கம் 362, 360. மேடுகளை மெதுவாகக் கடந்தால் உரசல் இல்லை. நடுக்கம் விசை அவர்கள் சொன்னதுபோல் அப்படியே இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

நாளை வீல் அலைன்மெண்ட்டுக்குப் போகிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா, அண்ணா?

நெல்லித்தோப்புப் பட்டறை

உண்டு, தம்பி. லோயர் ஆர்மின் உட்புற போல்ட்டைத் தளர்த்தி, கார் நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போதே சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். பின்பு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் ஸ்பிரிங்கில் உரசுகின்றனவா என்று பாருங்கள்.

அலைன்மெண்ட்டில் முதலில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), அதன் பிறகு டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) என்ற வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். கேம்பரை மாற்றினால் டோவும் உடன் மாறிவிடும். இருக்கையில் அந்த அரிசி மூட்டைகள் இருக்கட்டும். கடைசியாக ஹெட்லைட். முன்னுக்கும் பின்னுக்குமான உயர வேறுபாட்டில் 10 மில்லிமீட்டர் மாறினாலே, 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒளி 4 சென்டிமீட்டர் இடம் மாறும். ஈசிஆரில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி அதையும் சரிசெய்துவிட்டு வண்டியை எடுங்கள்.